உச்சிக்குப் பதினைந்து அடி கீழே

மகனுக்கு,

நீ அனுப்பிய படிவம் என் கைக்கு வந்து இருபத்து மூன்று நாளாகிறது. அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தினமும் ஆபீசுக்குப் போய் வருகிறேன். தாமதத்துக்குத் தபால்காரர் மேல் பழி போட்டு ஒரு கார்டு எழுதினேன். பிறகு அதைக் கிழித்துவிட்டேன். இது உனக்கு நான் எழுதும் நீளமான கடிதமாக இருக்கும். கூடாரத்தில் படிக்க நேரமில்லை என்றால், மலைக்குப் போகும் முன்பே, சமவெளியில் உட்கார்ந்து படித்துவிடு.

இன்று காலை ஆபீசுக்கு நடந்தபோது மலையைக் காணோம். தை மாதப் பனி உனக்குத் தெரியாததல்ல. ஆனால் இன்று இறங்கியது போல நான் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் அவலூர்பேட்டை பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு உறுமியது. விளக்கு மட்டும் தெரிந்தது, பஸ் தெரியவில்லை. கோட்டை இருந்த திசையில் வெள்ளையாக ஒன்று நின்றது, அவ்வளவுதான். நான் சைக்கிள்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றேன். அந்த வெள்ளைக்குள் எங்கோ மிக உயரத்தில் நீ நடந்துகொண்டிருப்பதாக ஒரு நினைப்பு வந்தது. நான் பனிமலையைக் கண்ணால் கண்டதில்லை. உன் கடிதங்களில் வரும் பனியை இந்த ஊர் வெயிலில் உட்கார்ந்துதான் கற்பனை செய்துகொள்கிறேன். அதனால் என் பனிமலையில் பாறைகளெல்லாம் செஞ்சிப் பாறைகளாகவே இருக்கின்றன, உருண்டை உருண்டையாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டு. இடுக்குகளில் சீத்தாச் செடி முளைத்திருக்கிறது. அதன் இலைமேல் பனி உப்புப்போல் படிந்திருக்கிறது. நீ அதைத் தட்டிவிட்டுக்கொண்டே மேலே போகிறாய். திரும்பிப் பார்ப்பதில்லை. கனவில் எப்போதும் உன் முதுகைத்தான் பார்க்கிறேன்.

படிவத்தை உன் மாமாதான் கொண்டுவந்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நீ எனக்கு நேராக அனுப்பியிருக்கலாம். விழுப்புரத்துக்கு அனுப்பி, "நைனாகிட்ட நீங்களே பேசுங்க மாமா" என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மாவின் அண்ணன், எங்கள் கல்யாணப் பந்தியிலேயே நாலு பேர் காதுபட, "பி.ஏ. படிச்சவனுக்குக் குமாஸ்தா வேலைதான் கெடச்சுதாமா?" என்று கேட்டவர். இருபத்தைந்து வருடமாகிறது. அவர் மறந்திருப்பார், நான் மறக்கவில்லை. அவர் சொன்னதும் பலித்துவிட்டது. பத்திரப் பதிவு ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவுக்கு மேல் நான் போகவில்லை. என் கையில் வேலை கற்றுக்கொண்ட இரண்டு பேர் எனக்கு மேலதிகாரிகளாகிப் போய்விட்டார்கள். எந்தெந்த வருடம், யார் யார் சிபாரிசில் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியும். சொல்லவில்லை.

அன்று அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இன்னா மாப்ள, கையெழுத்துப் போட நல்ல நாள் பாக்கறியா?" என்றார்.

"அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சியா மச்சான்?"

"படிச்சேன். ரயில்வேல இந்த மாதிரி பத்துக் காகிதத்துல நானே போட்டிருக்கறேன். செத்தா கேக்கமாட்டேன்னு எழுதி வாங்காத ஆபீஸ் எது?"

"உன் புள்ளைய அனுப்புவியா?"

"எம் புள்ள மாடிப்படி ஏறுனாலே மூச்சு வாங்கறான். அவனை எந்த மலை கூப்புடுது?"

உன் அம்மா சமையல் கட்டிலிருந்து, "எம் புள்ள இன்னும் உசுரோடதான் இருக்கறான். ரெண்டு பேரும் எழுந்து சாப்ட வாங்க" என்றாள். நான் படிவத்தை வாங்கி உள்ளே வைத்தேன். மாமா போகும்போது, "போன வருஷம் நம்ம ஆளுங்க ஒலகத்து உச்சியில கொடி நட்டாங்கன்னு ரேடியோவுல சொன்னப்ப நீதான மாப்ள ஊரெல்லாம் மிட்டாய் குடுத்த?" என்றார். கொடுத்தேன். அதையும் அவர் மறக்கவில்லை பார்.

படிவத்தில் முதல் இரண்டு பத்திகள் எனக்குச் சிரமமாக இல்லை. ஆபத்து என்று தெரிந்தே போகிறான், யார்மீதும் வழக்கில்லை. மூன்றாவது பத்திதான் என்னை நிறுத்தியது. மகன் அங்கே இறக்க நேர்ந்து, உடலைக் கீழே கொண்டுவருவது மற்றவர்களுக்கு ஆபத்து என்று மலையேறும் குழுவின் தலைவர் கருதினால், அதை அங்கேயே விட்டுவரத் தந்தை சம்மதிக்கிறார். நீ கல்யாணமாகாதவன் என்பதால் அந்த இடத்தில் என் கையெழுத்து வேண்டும். கால் நூற்றாண்டாகப் பிறர் கையெழுத்தைச் சரிபார்த்து வாழ்கிறவன் நான். என் கையெழுத்துக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மாமாவின் பேச்சாலோ, படிவத்தின் பயத்தாலோ மட்டும் நான் அதைப் பூட்டி வைக்கவில்லை. அதோடு நீ அனுப்பிய புகைப்படம் ஒன்று இருந்ததல்லவா, சென்ற வருடம் பயிற்சிக்காக ஏறிய மலையில் எடுத்தது? உன் அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். உன் மூக்கு தோலுரிந்திருக்கிறது என்றாள். பிறகு, "இவனுக்குப் பின்னால நிக்கறது யாரு? நெத்தியில பட்டையக் கட்டி, இம்மாம் பெரிய மூட்டையத் தொங்கவுட்டுக்கினு?" என்று கேட்டாள். நான் படத்தைத் திருப்பினேன். உன் கையெழுத்தில் ஐந்து பெயர்கள் வரிசையாக இருந்தன. கடைசியில் "மற்றும் எங்கள் கூலி" என்று எழுதியிருந்தாய்.

"கூலியாம்" என்றேன்.

"பேரு இல்லியா?"

அப்போதுதான் படிவத்தை இழுப்பறைக்கு மாற்றிப் பூட்டினேன். அதற்கான காரணத்தை இப்போது சொல்கிறேன். உன் அம்மாவுக்குக்கூட இதுவரை தெரியாது.

நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, சென்னையில் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். வேலை கிடைக்கவில்லை. காலேஜ் நூலகத்தில் வெள்ளைக்காரர்கள் பனிமலை ஏறிய கதைகளைப் படித்துப் படித்து, கண்ணை மூடினால் வெள்ளைச் சரிவுகள் தெரிந்த காலம். கண்ணைத் திறந்தால் செஞ்சி. கோட்டை மலைக்குப் படி இருக்கிறது, ஆடு மேய்ப்பவர்கள்கூட ஏறுகிறார்கள் என்பதால் அது எனக்கு வேண்டாம். கோட்டைக்கு மேற்கே, புதர்க்காட்டுக்குள் பெயரில்லாத ஒரு குன்று உண்டு. அதன் ஒரு பக்கம் செங்குத்தான பாறை. அந்தப் பக்கமாக யாரும் ஏறியதில்லை என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. உச்சியில் நின்றால் என்னவோ புரிந்துவிடும், அதற்குப் பிறகு யாரும் என்னைக் குமாஸ்தா வேலைக்கு மனுப்போடச் சொல்லமாட்டார்கள் என்றெல்லாம் நினைத்தேன். உனக்கு அந்த நினைப்பு புரியும். நான் உன்னைத் திட்ட முடியாமல் போவது இங்கேதான்.

கடைவீதியில் கயிற்றுக்கடை வைத்திருந்தவரின் மகன் சபாபதி என் சிநேகிதன். அவன் வருகிறேன் என்றான். அந்தப் பாறையை அறிந்த ஆள் ஒருவனே: ஏழுமலை. இருளர். பாறைத் தேன் எடுப்பவன். பின்பக்கப் புதர்வழியாக உச்சிக்குப் போய், அங்கிருந்து கயிற்றில் தொங்கி இறங்கி, பாறை முகத்தில் இருக்கும் அடையை அறுத்துக் கூடையில் போடுவான். மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்வது அவன் மனைவி முனியம்மாவின் தம்பி, கன்னியப்பன். எப்போதும் அவன்தான். வேறு யாரும் தொடக்கூடாது. ஏன் என்று கேட்டேன்.

"கயிறு புடிக்கறவன் பொண்டாட்டி கூடப் பொறந்தவனா இருக்கணும் சாமி" என்றான் ஏழுமலை. "என் கூடப் பொறந்தவன் புடிச்சா, இவன் போனா இன்னான்னு ஒரு நொடி தோணிடும். மச்சானுக்கு அது தோணாது. கைய வுட்டா அவன் அக்கா தாலியில்ல போவும்? அந்த பயத்துல கை தானா இறுகிக்கும்."

"அப்ப பொண்டாட்டியோட சண்ட போட்டுட்டு மல ஏற முடியாது" என்று சபாபதி சிரித்தான்.

"அதான் சாமி, தேன் எடுக்கற மாசம் பூரா அவ எதிர்ல வாயே தொறக்கமாட்டேன்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எனக்கு அந்தச் சிரிப்பு இப்போதும் கேட்கிறது.

என் திட்டம் இது. ஏழுமலை உச்சியிலிருந்து இறங்கி, பாறையின் நடுவில் இருக்கும் ஒரு திட்டில் நின்று, இன்னொரு கயிற்றைக் கீழே விடுவான். நாங்கள் அதைப் பிடித்துத் திட்டுவரை ஏறுவோம். பிறகு அவன் இறங்கி வந்த கயிற்றிலேயே ஒருவர்பின் ஒருவராக உச்சிக்குப் போவோம். கன்னியப்பன் மேலே நிற்கத் தேவையில்லை, கயிற்றை ஒரு மரத்தில் கட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். மனிதன் கை தளரும், மரம் தளராது. இது அறிவியல், மற்றது மூடநம்பிக்கை. இந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. கீழே எங்கள் தண்ணீர்ப் பானையையும், புளிச்சோற்று மூட்டையையும், என் செருப்பையும், சபாபதியின் காமிராப் பெட்டியையும் சுமந்துவர ஓர் ஆள் வேண்டியிருந்தது.

கன்னியப்பன் என்னைவிட இளையவன். தலையைச் சொறிந்துகொண்டு, "மரத்துக்கு இன்னா சாமி தெரியும்? அதுக்கு ஏது அக்கா?" என்றான். படித்தவன் பேச்சை மறுத்துப் பேசி அவர்களுக்குப் பழக்கமில்லை. ஏழுமலை, "வுடுடா, சாமி செருப்பு உன்னை நம்பித்தான் இருக்குது" என்றான். கன்னியப்பன் பானையைத் தூக்கிக்கொண்டான்.

சபாபதி ஆள் உயரத்துக்குமேல் ஏறவில்லை. கால் நடுங்குகிறது என்று இறங்கி நிழலில் படுத்துக்கொண்டான். கோழை என்று அவனைப் பல வருடம் மனத்துக்குள் திட்டியிருக்கிறேன். அன்று அந்தக் குன்றில் சரியாக நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். நான் திட்டுவரை ஏறினேன். ஏழுமலை என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, மூச்சு வாங்கும்வரை காத்திருந்தான். பாறை காலை வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. தேனீக்களின் சத்தம் எங்கேயோ தண்ணீர் ஓடுவதுபோல் கேட்டது. பிறகு நான் முதலில் ஏறினேன். உச்சிக்குப் பதினைந்து அடி கீழே, இரண்டு கால் வைத்து நிற்க ஒரு படிபோன்ற இடம் இருந்தது. அங்கிருந்து மேலே கயிறே தேவையில்லை, கையூன்றிப் போய்விடலாம். அங்கே நின்று "வா" என்று சொன்னேன். அவன் கயிற்றைப் பிடித்து ஏறத் தொடங்கினான்.

பாறை விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் கன்னியப்பன் ஒரு சாக்கை மடித்து வைப்பானாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை இடம் மாற்றிக்கொண்டே இருப்பானாம். இது எனக்குப் பிறகு தெரிந்தது. மரம் அதையெல்லாம் செய்யாது. கயிறு அறுந்தபோது பெரிய சத்தம் எதுவும் இல்லை. கனமான ஈரத்துணி விழுந்தது போல இருந்தது. ஏழுமலை திட்டில் விழுந்து, அங்கிருந்து சரிந்து, பக்கத்தில் இருந்த ஒரு பிளவில் சிக்கிக்கொண்டான். உயிர் இருந்தது. "சாமி" என்று கூப்பிட்டான். கொஞ்சம் பொறுத்து, "தண்ணி" என்றான்.

என்னால் அவனிடம் இறங்க முடியாது, அது உண்மை. ஆனால் என்னால் கத்த முடியும். தண்ணீர்ப் பானையோடு கன்னியப்பன் அடிவாரத்தில்தான் நின்றான். விழுந்த இடம் பாறையின் மடிப்புக்குள் இருந்ததால் கீழே இருந்தவர்களுக்கு அவன் தெரியவில்லை, அவன் குரலும் எட்டவில்லை. நான் அந்தக் கணமே கூச்சல் போட்டிருந்தால், புதர்வழியாக அவன் மேலே ஓடிவந்திருப்பான். மரத்தில் மிச்சமிருந்த கயிற்றோடு எதையாவது சேர்த்து முடிந்து இறங்கப் பார்த்திருப்பான். நான் மேலே பார்த்தேன். பதினைந்து அடி. மேலே போய்க் கூப்பிட்டால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏறினேன்.

ஏறி நின்றதும் நான் கூப்பிடவில்லை. இதைத்தான் இருபத்தாறு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். நின்றேன். கீழே சிங்கவரத்து வயல்கள் பச்சைத் துண்டுகளாக, பக்கத்தில் வேர்க்கடலைக் காடுகள், ஏரியில் ஒரு வெள்ளிக் கோடு. கோட்டை மலைகள் மூன்றும் முதல்முறையாக எனக்குச் சமமாகத் தெரிந்தன. தூரத்தில் திருவண்ணாமலை நீலமாக, கரைந்துபோகும் நிலையில் நின்றது. காற்று என் சட்டைக்குள் புகுந்து ஊதியது. உடம்புக்கு எடையே இல்லை. எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, அப்பா இருக்கிறார், வேலை இல்லை என்பதெல்லாம் எங்கோ போய்விட்டது. கால் மணி நேரம் இருக்கலாம். என் வாழ்க்கையில் நான் முழுக்கச் சந்தோஷமாக இருந்த கால் மணி நேரம் அதுதான். கீழேயிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. அது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொன்னால் பொய்.

குரல் நின்ற பிறகுதான் நான் கூப்பிட்டேன்.

கன்னியப்பன் ஓடிவந்து விளிம்பில் குப்புறப் படுத்து, "மாமா, மாமா" என்று அழைத்துப் பார்த்தான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். சபாபதி போய் முனியம்மாவைக் கூட்டி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கன்னியப்பன் வெறுங்கையோடு இறங்கப் போனான். அவள் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எறங்காதடா. அவரு போயிட்டாரு. அங்கியே இருக்கட்டும்."

"எப்படிக்கா வுட்டுட்டுப் போறது?"

"உனக்குக் கயிறு புடிக்க யாருடா இருக்கறான்?"

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாமன், மச்சான் என்று அவனுக்கு இருந்த ஒருவன் அந்தப் பிளவில் கிடந்தான். கன்னியப்பன் அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டான். கயிற்றுக்கடைக்காரர் மகன் பக்கத்திலேயே நின்றான். நாங்கள் நினைத்திருந்தால் மறுநாள் காலை நூறு முழம் கயிறும் பத்து ஆட்களும் கொண்டுவந்திருக்கலாம். அவள் வேண்டாம் என்றது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. இறங்கும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மேல போனியாமே சாமி. மேல இன்னா இருந்துது?"

எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பி.ஏ. படித்தவன்.

கிராம முன்சீப்புக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையை, கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நானே எழுதினேன். தேன் எடுக்கப் போன இடத்தில் கயிறு அறுந்து இறந்தான், யார்மீதும் சந்தேகமில்லை என்று எழுதினேன். மரத்தைப் பற்றியும் என்னைப் பற்றியும் அதில் ஒரு வரி கிடையாது. முனியம்மாவின் கட்டை விரலை மையில் உருட்டிக் காகிதத்தில் பதித்தது என் கைதான். அடுத்த வருடமே பதிவு ஆபீசில் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஊரார் கட்டை விரலைப் பிடித்து உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது, படிவத்தோடு நீ வைத்திருந்த கடிதத்துக்கு வருகிறேன். நீ எழுதியிருக்கிறாய்: குறிப்பிட்ட உயரத்துக்குமேல் காற்று போதாது, மூளை மெதுவாகத்தான் வேலை செய்யும், அங்கே ஒருவன் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும், அது அந்த இடத்தின் விதி, ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டது. நான் அந்த உயரத்துக்கு வந்ததில்லை. நான் நின்ற இடம் நானூறு அடிகூட இருக்காது. காற்று வேண்டிய மட்டும் இருந்தது. என் மூளையும் மெதுவாகத்தான் வேலை செய்தது. அதனால் குற்றத்தைக் காற்றின்மேல் போடாதே. தூக்க முடியாது என்பது உண்மையாக இருக்கும். தூக்க முடியாதவன் பக்கத்தில் உட்காரவும் முடியாதா, திரும்பி இறங்கவும் முடியாதா, மேலே போகத்தான் முடியுமா என்று கேட்டுக்கொள். மேலே போக மிச்சம் இருக்கிற பலம் கீழே போவதற்கும் உதவும்.

எல்லோரும் ஒப்புக்கொண்டது என்கிறாயே, அந்த எல்லோரில் உன் மூட்டையைத் தூக்கியவன் உண்டா? நீ உன் ஆசைக்கு ஏறுகிறாய். அவன் உன் கூடாரத்தையும் உன் கஞ்சியையும் தூக்கிக்கொண்டு, உனக்கு முன்னால் போய் வழிபோட்டுவிட்டு, உனக்குப் பின்னால் படத்தில் நிற்கிறான். அவன் அப்பாவுக்கு யாராவது படிவம் அனுப்பினார்களா? மூன்றாவது பத்தியை அவனுடைய மொழியில் அவன் அம்மாவுக்கு யார் படித்துக் காட்டினார்கள்? இதையெல்லாம் நான் கேட்பதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். யோக்கியதை இருக்கிறவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டு உனக்குக் கடிதம் எழுதப்போவதில்லை.

கடிதத்தை இந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். நேற்று சாயங்காலம், பின்கட்டில் உன் அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தபோது, இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் நாரை முடிவதை நிறுத்தவில்லை. முடிந்ததும் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குது?"

"தெரியலை."

"இருபத்தாறு வருஷமா இதே ஊருலதான இருக்கற? தெரியலைன்னா இன்னா அர்த்தம்?"

நான் கடிதத்தை மடித்தேன். அவள், "எங்கண்ணன் பந்தியில சொன்னது மட்டும் உனக்கு நாள் தவறாம நெனப்பு வருது" என்றாள். அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு பூவை மடித்து ஈரத்துணியில் சுற்றிவிட்டு, "கையெழுத்துப் போட்டு அனுப்பு. போகாதன்னு சொன்னா அவன் போகாம இருந்துடுவான். அப்புறம் உன்னை மாதிரி ஆயிடுவான்" என்றாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சிங்கவரம் பக்கத்துக் குடிசைகளுக்குப் போய் விசாரிக்கப் போகிறேன். முனியம்மா இல்லாவிட்டால் கன்னியப்பன் இருப்பான். அவனும் இல்லாவிட்டால் யாராவது இருப்பார்கள். உனக்கு எழுதிவிட்டால் போகாமல் தப்பிக்க முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன். அந்த அறிக்கையில் விட்டதை அவர்கள் எதிரில் வாயால் சொல்ல வேண்டும். அதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று இடத்திலும். மூன்றாவது பத்திக்குக் கீழே போடும்போது பேனா ஓடவில்லை. மறுபடி மை தொட்டுப் போட்டேன், அதனால் அது கொஞ்சம் தடித்திருக்கும். உனக்கு ஒன்று ஆகிவிட்டால், உன்னைக் கீழே கொண்டுவர எந்த வீட்டுப் பிள்ளையும் இறங்க வேண்டாம். இதை நான் மனமறிந்து சம்மதிக்கிறேன். உன் அம்மாவும் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் கையெழுத்தை அவர்கள் கேட்கவில்லை. ஆனாலும் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறாள். அதிகாரிகள் ஆட்சேபித்தால் கோடு போட்டு அடித்துக்கொள்ளட்டும்.

இதற்குப் பதிலாக உன்னிடம் இரண்டு கேட்கிறேன். கிளம்பும் முன்பு அந்த ஆளின் பெயரைக் கேட்டு, படத்துக்குப் பின்னால் எழுதுவதுபோல் எனக்கு எழுது. அவன் பெயர், அவன் ஊர், அவனுக்காக வீட்டில் காத்திருப்பவர் பெயர். தெரிந்துகொண்ட பிறகு அவனைத் தாண்டிப் போவது உனக்குக் கஷ்டமாக இருக்கும். கஷ்டமாக இருக்கட்டும். இன்னொன்று: உச்சிக்குப் பதினைந்து அடி இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் திரும்பிவிடு. ஐந்து அடி இருந்தாலும் திரும்பிவிடு.

அப்படித் திரும்பினால் பேப்பரில் உன் பெயர் வராது. உன் மாமா மிட்டாய் கொடுக்கமாட்டார். நீ ஒரு தந்தி மட்டும் கொடு. விழுப்புரத்திலிருந்து பஸ் வரும் நேரத்துக்கு நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நீ பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். "ஏறலை நைனா" என்று நீயே சொல். எனக்குப் பாராட்டிப் பேச வராது, உனக்குத் தெரியும். கூலியாள் யாரையும் கூப்பிடாமல், உன் பெட்டியை என் தலையில் வைத்துக்கொண்டு, கடைவீதி முழுக்க எல்லோரும் பார்க்க, உனக்கு முன்னால் நடந்து வீட்டுக்கு வருவேன்.

இப்படிக்கு,
உன் நைனா